ராசி மாமா உட்கார்ந்த இடம்

சிமென்ட் படியில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதென்றால் அடியில் செய்தித்தாளை நாலாக மடித்துப் போட்டுக்கொள்வதுதான் நல்லது. பஞ்சுத் திண்டு வைத்தால் அது மழைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஆட்டம் முடிகிறவரை கொஞ்சம் கொஞ்சமாக நமக்கே திருப்பிக் கொடுக்கும். இதை எனக்குச் சொன்னவர் என் மாமனார். கால்பந்து சம்பந்தமாக அவர் எனக்குச் சொன்ன ஒரே விஷயமும் இதுதான்.

கிளப் வாசல் சுவருக்காக மறக்க முடியாத தருணங்களைத் திரட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். திருமண உடையோடு மைதானத்துக்கு ஓடிவந்து முதல் பாதி ஆடிய கேப்டன், காற்றில் பிய்த்துக்கொண்டு போய் எதிரணி வந்த பேருந்தின் மேல் உட்கார்ந்த எங்கள் கூரைத் தகரம், எல்லாவற்றையும் அங்கே மாட்டியிருக்கும் பலகையில் பார்த்தேன். நடுவில் பெரிய எழுத்தில் இருப்பது என் மாமனார். நான்காம் டிவிஷனிலேயே கிடந்த கிளப் மூன்றாவதற்கு ஏறிய அன்று, கடைசி விசில் கேட்டதும், 'ஜெயிச்சிட்டோமா?' என்று கேட்டுச் சிரித்தபடியே கண்ணை மூடிய ராசி மாமா. எழுத்து நன்றாக வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவன். மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கினார். என்னை அவருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பதைக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். என்னைக் கூப்பிட வேண்டி வந்தால் "ஏம்ப்பா" என்பார், அவ்வளவுதான். வீட்டுக்குப் பெயின்ட் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வாடை அவருக்கு ஆகாது என்று என் மனைவி சொன்னதால் அவரை ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த சீசனில் அதுவரை ஒரு ஆட்டம்கூட நாங்கள் ஜெயித்திருக்கவில்லை.

அவர் மைதானத்தைப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்தது போக மிச்சமிருந்த தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதியில் தலையைத் தூக்கி, "இவ்வளவு நேரம் அந்தப் பக்கம்தானே உதைச்சாங்க, இப்ப ஏன் இந்தப் பக்கம் உதைக்கிறாங்க? மனசு மாறிட்டாங்களா?" என்று கேட்டார். எங்கள் வரிசையே சிரித்தது. அன்று மூன்று கோல் போட்டு ஜெயித்தோம்.

அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவில்லை, தோற்றோம். அதற்கடுத்ததற்கு வந்தார், ஜெயித்தோம். எனக்குப் பின்னால் உட்காரும் தையல்காரர்தான் முதலில் சொன்னார்: "உன் மாமனார் ராசிக்காரர்யா. அவரை வீட்டுல விட்டுட்டு நீ மட்டும் வந்து எதைக் கிழிக்கப் போறே?"

எங்கள் வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். நாங்கள் முன்னிலையில் இருக்கும்வரை வரிசையில் யாரும் எழக் கூடாது, இடம் மாறக் கூடாது. கையைக் கட்டியிருந்தால் கட்டியபடியே இருக்க வேண்டும். ஒருமுறை பேக்கரிக்காரர் கீழே விழுந்த சாவியை எடுக்க எழுந்தார்; அந்த நிமிஷமே எதிரணி கோல் போட்டுச் சமன் செய்தது. அன்றிலிருந்து அவர் பெயர் 'டிரா'. அவருடைய பெண் கல்யாணத்தில்கூட நாங்கள் "டிரா வீட்டுக் கல்யாணம்" என்றுதான் சொன்னோம். அவரும் அதை மறுக்கவில்லை. தன் தப்புதான் என்று அவரே நம்பினார்.

மாமனார் மாறினார். ஆட்டத்தன்று காலையில் தானாகவே சவரம் செய்துகொள்வார். படியேறும்போது முன்பின் தெரியாதவர்கள் கைகொடுத்து ஏற்றிவிடுவார்கள். கேப்டனே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனான். வேலையை விட்ட பிறகு அவருக்காக யாரும் எங்கேயும் காத்திருந்ததில்லை. இங்கே ஒரு வரிசையே காத்திருந்தது. அவர் என்னை "மாப்பிள்ளை" என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். கடையிலும் என்னை ராசி மாமா மருமகன் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அதுவரை என்னைத் தேடி யாரும் வந்ததில்லை. வில்லைகளைத்தான் தேடி வருவார்கள்.

கடைசி ஆட்டம் வந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இதயம் பலவீனம், நுரையீரலில் நீர். படுக்கையை விட்டு அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெயித்தால் மேலே ஏறுவோம். இல்லையென்றால் அடுத்த சீசனுக்கு கிளப்பே இருக்குமா என்பது சந்தேகம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். என் மனைவி இரவெல்லாம் அப்பாவின் பக்கத்தில் கண்விழித்திருந்தாள். மதியம் என்னை உட்காரவைத்துவிட்டு, "அப்பாவைப் பார்த்துக்கோங்க. நான் கொஞ்சம் படுத்து எழுந்து வரேன்" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்போதே தையல்காரரின் கார் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"டாக்டர் ஒத்துக்கிட்டாரா?" என்று மாமனார் கேட்டார்.

"ஒத்துக்கிட்டார் மாமா."

"அவ?"

"அவதான் மஃப்ளரை எடுத்துக் கொடுத்தா."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "அப்ப சவரம் பண்ணி விடுங்க மாப்பிள்ளை" என்றார். பண்ணிவிட்டேன். தாடைக்குக் கீழே தோல் மிக மெல்லியதாக இருந்தது. ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்டேன். நான் கவனமில்லாதவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையையும் மறக்காமல் சட்டைப் பையில் எடுத்துவைத்தேன். காற்றாட வராந்தாவில் உட்காரவைக்கிறேன் என்று நர்ஸிடம் சொல்லி, சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன்.

மைதானத்தில் வரிசையே திரண்டுவந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தது. "ஆஸ்பத்திரியாவது ஒண்ணாவது, மாமா வந்துட்டாருடா" என்று டிரா கத்தினார். இரண்டாம் பாதி தொடங்கிய உடனே கோல் போட்டோம். மாமனார், "நம்ம ஆளுங்கதானே?" என்று கேட்டுவிட்டுக் கைதட்டினார். அதன் பிறகு வரிசையில் யாரும் அசையவில்லை.

ஆட்டம் முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. போலாம்."

"கொஞ்சம் பொறுங்க மாமா. முடியப் போகுது."

"மாத்திரை வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு மாமா. தரேன்."

மாத்திரையை எடுத்துக் கொடுக்க நான் எழவேண்டியதில்லை. இதை நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். பார்த்தால் பதறுவார்கள், எழுவார்கள். மைதானத்தின் மூலையில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. அதன் ஆட்கள் இருவரும் கதவைத் திறந்துபோட்டு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கியிருந்தால் ஓடிவந்திருப்பார்கள். கோடு தாண்டி ஓடிவந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். அப்போது பந்து எங்கள் காலில் இருந்தது. இத்தனையையும் யோசித்துத்தான் கையைத் தூக்காமல் இருந்தேன். பதற்றத்தில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் அது பொய்.

மஃப்ளரை அவர் மூக்குவரை ஏற்றிவிட்டேன். குளிருக்காகத்தான் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். குளிர் இருந்ததும் உண்மைதான். ஆனால் அவர் வாய் கோணுவதையும் உதடு நிறம் மாறுவதையும் டிரா பார்த்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்றினேன். வழக்கமாகவே அவர் பாதி ஆட்டம் தூங்குகிறவர். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தெரியும். வாயை மூடித் துணி கட்டினால் மூச்சு மேலே ஏறி வில்லை மங்கும். அவர் போட்டிருந்தது நான் தேய்த்த வில்லை. அது மங்கியது, தெளிந்தது, மறுபடி மங்கியது. என் மணிக்கட்டில் அவர் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டுவதுபோல, மரியாதையாகத் தட்டினார். நான் ஒரு கண்ணால் பந்தையும் ஒரு கண்ணால் வில்லையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்குவதற்கும் மங்குவதற்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒரு கார்னர் கிக்கின்போது வில்லை தெளிந்தது. கார்னரை எங்கள் ஆட்கள் தலையால் முட்டி வெளியே தள்ளினார்கள். வில்லை தெளிந்தே இருந்தது. மைதானத்தின் விளக்குகள் அதில் சுத்தமாகத் தெரிந்தன.

எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது அதற்குப் பிறகுதான், கடைசி நிமிஷங்களில். கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தையல்காரர் பின்னாலிருந்து குனிந்து மாமனாரின் தோளைத் தட்டி, "மாமா இருக்கும்போது எவன்யா கோல் போடுவான்?" என்றார். நான் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்பதற்காக இல்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

விசில் ஊதியதும் எல்லாரும் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். நான் மஃப்ளரைக் கழுத்துக்கு இறக்கினேன். திறந்திருந்த கண்களை மூடினேன். வாயின் இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலால் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டேன். நல்ல முகம் அவருக்கு. லேசாகத் தள்ளியதும் சிரிப்பாகிவிட்டது. அதன் பிறகுதான் கையைத் தூக்கிக் கத்தினேன். ஆம்புலன்ஸ் ஆட்கள் நான் நினைத்ததைவிட வேகமாக வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என் மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பார்த்துக்கோங்கன்னுதானே சொன்னேன்? உங்க ஆட்டத்துக்கு எங்கப்பாதான் கிடைச்சாரா?" என்றாள். பிறகு சட்டையை விட்டுவிட்டு, சின்னக் குரலில், "வலிச்சுதா அவருக்கு?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஏதாவது சொன்னாரா?"

"ஜெயிச்சிட்டோமான்னு கேட்டார். ஜெயிச்சிட்டோம் மாமான்னேன். சிரிச்சார்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பிடித்திருந்த அதே மணிக்கட்டு. "கடைசியா சந்தோஷமாத்தான் போயிருக்கார்" என்றாள். பக்கத்தில் நின்ற தையல்காரர் குலுங்கி அழுதார். விடிவதற்குள் அந்த வாக்கியம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அவர் இறந்த நாளில் என் மனைவி எனக்கு நன்றி சொல்கிறாள். அப்பாவை அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாகவிடாமல் காப்பாற்றினீர்கள் என்கிறாள். இத்தனை வருஷத்தில் என்னை யாராவது தண்டித்தார்கள் என்றால் அது அந்த நன்றிதான்.

அடுத்த சீசனிலேயே நான்காம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டோம். அதை யாரும் தருணமாகச் சேர்ப்பதில்லை. கடையில் வில்லையைத் துடைக்க எல்லாரும் வாயால் ஊதிவிட்டுத் துணியால் தேய்ப்பார்கள். என்னால் முடிவதில்லை, தண்ணீர் தெளித்துத்தான் துடைக்கிறேன். முதலாளி இதைச் சுத்தம் என்று பாராட்டுகிறார்.

அந்தப் பெனால்டியைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அது கம்பத்தில் பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அப்படியானால் ஜெயிப்பதற்கு அவர் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கார்னருக்கு முன்னாலேயே, நான் கையைத் தூக்கி அவரை அனுப்பிவிட்டிருந்தாலும் பந்து கம்பத்தில்தான் பட்டிருக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷங்கள் ஆயின. என் மாமனார் போகலாம் என்று சொன்னார், மாத்திரை கேட்டார், என் பையில் அது இருந்தது, நான் கொடுக்கவில்லை. அவரைக் கொன்றது நான்தான். ராசி அவரிடம் இல்லை. அந்த இடத்தில்தான் இருந்தது.

அதனால் பலகையில் இருக்கும் வாக்கியத்தை எடுத்துவிட்டு, நான் சொன்னதை எழுதுங்கள். என் பெயரையும் போடுங்கள். எழுதுவதற்கு முன்னால் என் மனைவியிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இந்த வாரம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது. ஜெயித்தால் மறுபடி மேலே ஏறுவோம். சீசன் நடுவில் எதையும் மாற்றக் கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இந்த சீசன் தொடக்கத்திலிருந்து என் மனைவிதான் அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறாள், நான்தான் கூப்பிட்டேன். அவள் வந்த எந்த ஆட்டத்திலும் நாங்கள் தோற்கவில்லை. இப்போதெல்லாம் படியேறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, டாக்டரைப் பார்க்கலாம் என்று நேற்றுகூடச் சொன்னாள். பார்க்கலாம் என்றுதான் நானும் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும்.