இடது கைக்கு இழைத்த பிடி

— அஞ்சு தோட்டாவும் கீழதான் போயிருக்கு, வெர்னன். கறுப்பு வட்டத்துக்கு அடியில எறும்புக் கூட்டம் மாதிரி நிக்குது.

— எனக்கும் கண்ணு இருக்கு, டோரீன்.

— தொலைநோக்கியில பாத்ததைச் சொன்னேன். அதுக்கு ஏன் கோவம்?

— கோவப்படல. ரிவால்வர் சரியில்ல.

— ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்.

— சொல்லு, சொல்லு. முப்பது வருஷமா லாயிடோட இந்த ரிவால்வருக்கு நான் ஏங்கினது உனக்குத் தெரியாதா?

— தெரியாம என்ன... தூக்கத்துலகூட லாயிட் லாயிட்னு புலம்புவ. வேற பொண்டாட்டியா இருந்தா சந்தேகப்பட்டிருப்பா.

— கேலி பண்ணு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைத் தொடவிட்டானா அவன்? 'உன் கையில வேர்வை ஜாஸ்தி, வெர்னன், துருப்பிடிச்சிடும்'பான். இந்தத் துப்பாக்கி கிளப்புலயே எனக்கு மட்டும்தான் வேர்க்குமாம்.

— செத்தவனைப் போய்...

— செத்தவனாச்சேன்னுதான் இவ்வளவு மரியாதையாப் பேசுறேன்.

— அதான் கைக்கு வந்தாச்சே. பெர்னீஸ் என்ன விலை சொன்னா?

— ஒண்ணும் சொல்லல.

— ஒண்ணுமா?

— அவனோட மத்த துப்பாக்கி எல்லாத்தையும் ஜான்ஸ்டவுன் ஏலத்துக்குன்னு கட்டி வெச்சிருந்தா. இதை மட்டும் ஒரு துண்டுல சுத்தித் தனியா வெச்சிருந்தா. 'இது உங்க வீட்டுக்குப் போகவேண்டியது, வெர்னன்'னா. துப்பாக்கிக் கடைக்கு வந்து என் பேருக்கு மாத்திக் குடுத்தா. போற வரைக்கும் என் முகத்தைப் பாக்கல.

— ...பாவம். புருஷன் போன துக்கம்.

— இருக்கும்.

— சாண்ட்விச் எடுக்கட்டுமா? ஹாம் வெச்சது, கடுகு அதிகமாப் போட்டு...

— இங்க வா. இந்தக் கைப்பிடியைப் பாரு.

— பாத்தேன். வால்நட் மரம். நல்லா இழைச்சிருக்கு.

— கட்டை விரல் சாயிற மேடு எந்தப் பக்கம் இருக்கு?

— ...வலப் பக்கம்.

— அப்ப எந்தக் கைக்கு இழைச்சது?

— இடது கைக்கு. அதுக்கென்ன? எங்கயாவது பழசு கிடைச்சிருக்கும், எடுத்து மாட்டியிருப்பான்.

— யாரு, லாயிடா? பெட்டி மேல இருக்கிற தூசியைத் தட்டினதுக்கே 'அது அந்தக் காலத்துத் தூசி, கையெடு'ன்னு சண்டைக்கு வந்தவன். கம்பெனியில இருந்து வந்த கைப்பிடியைக் கழட்டுறவன் நரகத்துக்குப் போவான்னு இதே கொட்டகையில பிரசங்கம் பண்ணவன்.

— மனுஷன் மாறமாட்டானா?

— மாறித்தான் இருக்கான். இன்னொண்ணு காட்டுறேன். பின்னாடி குறி பாக்க இருக்கிற இந்தப் பிளவைப் பாரு. அரம் போட்டிருக்கான்.

— எங்க...

— அகலமா இருக்கு பாரு. மங்கலான கண்ணுக்கு, குழாய் முனையில நிக்கிற குறிமுள்ளுக்கு ரெண்டு பக்கமும் வெளிச்சம் தெரியணும்னு அராவியிருக்கான். எண்பது வருஷத்து ரிவால்வர்ல, அரம். பெத்த அப்பன் கேட்டிருந்தாகூட லாயிட் கையை ஒடிச்சிருப்பான்.

— அவனுக்கும் வயசாச்சே. கண்ணு மங்கியிருக்கும்.

— அவனுக்கா? அந்த மேட்டுல நிக்கிற மானைக் கண்ணாடி இல்லாம எண்ணுவான். கண்ணுல புரை எடுத்தது யாரு?

— இந்த ஊர்ல பாதிப் பேரு எடுத்திருக்கோம்.

— பாதிப் பேருக்கும் இடது கைப் பழக்கமா?

— ...காப்பி ஆறுது, வெர்னன்.

— ஆறட்டும். நீ சுடு.

— நானா? எனக்கு மணிக்கட்டு வலி. நேத்துல இருந்தே...

— அஞ்சே தோட்டா.

— நாளைக்குப் போட்டிய வெச்சுக்கிட்டுக் கையை எதுக்குக் கெடுத்துக்கணும்?

— டோரீன். அஞ்சு.

— சரி, குடு. காதை மூடிக்கோ. தள்ளி நில்லு, என் கழுத்துல மூச்சு விடாத.

— நான் மூச்சே விடல.

— ...

— முடிஞ்சுதா? தோட்டா உருளையைத் திறந்து மேஜையில வை. நான் பாக்குறேன்... ம்.

— என்ன ம்?

— மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, வலது ஒண்ணு, இடது ஒண்ணு. அஞ்சாவது நடுவுல. சர்ச்சுல சிலுவை போட்டுக்கிட்ட மாதிரி.

— மணிக்கட்டு வலின்னு சொன்னேனே.

— வலிச்சா எல்லாம் ஒரே பக்கமாப் போகும். விசையை வெடுக்குனு இழுத்தா ஒரு பக்கம் போகும், சத்தத்துக்குப் பயந்தா ஒரு பக்கம் போகும். நாலு திசைக்கும் சமமாப் பங்கு வெக்கணும்னா அதுக்கு ரொம்ப நல்ல கை வேணும்.

— உனக்குக் கற்பனை அதிகமாயிடுச்சு.

— திரும்பச் சுடு. இந்தத் தடவை பின்னாடி நிக்கிறது நான் இல்லன்னு நினைச்சுக்கோ.

— வேற யாருன்னு நினைக்கணும்?

— உனக்குப் பிடிச்ச ஆளு யாரோ.

— இப்படிப் பேசினா நான் போய் வண்டியில உக்காந்துக்குவேன்.

— சாவி என் பையில இருக்கு.

— ...குடு தோட்டாவை. நீ கேட்டுத்தான் செய்யறேன். ஞாபகம் வெச்சுக்கோ.

— ...

— போதுமா? திறந்து வெச்சாச்சு. பாரு. நல்லா, ஆசை தீரப் பாரு.

— ஒரே ஓட்டை.

— ரெண்டு. கடைசிது கொஞ்சம் ஒட்டாம நிக்குது.

— கால் டாலர் காசை வெச்சா அஞ்சும் மறைஞ்சிடும். எங்க பாத்துக் குறி வெச்ச?

— நடுவுல. நான் எப்பவும் நடுவுலதான...

— அதான். இந்த கிளப்புல எல்லாரும் வட்டத்தை முள்ளு மேல உக்கார வெச்சு, அதோட அடியைப் பாத்துத்தான் சுடுவோம். நான் அப்படி. லாயிட் அப்படி. வட்டத்தோட நடுவயித்தைப் பாத்துச் சுடுற பிடிவாதக்காரி ஒருத்திதான். இது பாத்த இடத்துலயே அடிக்கிற மாதிரி வெச்சிருக்கு; எனக்கு ஏன் அஞ்சும் கீழ போச்சுன்னு இப்பப் புரியுது. ரிவால்வர் சரியாத்தான் இருக்கு, டோரீன். எனக்குன்னு சரிபண்ணல, அவ்வளவுதான்.

— போதும், வெர்னன்.

— பிடி உன் கைக்கு. பிளவு உன் கண்ணுக்கு. குறி உன் பழக்கத்துக்கு. உன் பேரைப் பொறிக்காததுதான் பாக்கி. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத. என்னிக்கு வருவ இங்க?

— ...புதன்கிழமை.

— புதன்கிழமை நீ சர்ச் அடுக்களையில பியரோகிக் கொழுக்கட்டை மடிக்கப் போவ.

— காலையில மடிப்பேன். மத்தியானம் இங்க வருவேன்.

— அதான் வீட்டுக்கு நீ கொண்டுவந்ததெல்லாம் கடைப் பியரோகி மாதிரி இருந்துச்சு.

— கடைப் பியரோகிதான் அது. நீதான் ரெண்டாவது தட்டு கேட்ட.

— எத்தனை வருஷமா நடக்குது?

— நாலஞ்சு வருஷம் இருக்கும்.

— நாலஞ்சு வருஷம்... என் நிழலு பட்டாலே பெட்டியை மூடினவன்...

— இப்ப உனக்கு எது எரியுது? நான் அவனோட இருந்ததா, அவன் ரிவால்வர் என் கையில இருந்ததா?

— வாயை மூடு.

— சொல்லேன். இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினவளுக்குத் தெரிஞ்சுக்க ஆசை.

— ரெண்டும் எரியுது. எது ஜாஸ்தின்னு எனக்கே தெரியல. போதுமா?

— போதும். இதையாவது நேராச் சொன்னியே.

— அவன் உன்னைத் தொட்டானா?

— பிடிக்கு அளவெடுக்கக் களிமண்ணு உருண்டையை அமுக்கச் சொன்னான். அப்ப விரலை நகத்தி வெச்சான்.

— எந்த விரலை?

— வெர்னன்...

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— சுண்டு விரலை. போதுமா, இல்ல வெட்டிக் குடுக்கட்டுமா? வேற ஒண்ணும் கிடையாது. சுடுவோம். காப்பி குடிப்போம். பெர்னீஸைப் பத்தி அவன் புலம்புவான், உன்னைப் பத்தி நான் புலம்புவேன்.

— புதன்கிழமைன்னா மட்டும் சவரம் பண்ணிட்டுக் கிளம்புவானாம். காலையில பெர்னீஸ் சொன்னா.

— ...எனக்கு அது தெரியாது.

— பக்கத்துல உக்காந்தவளுக்குத் தெரியாதா?

— நான் இலக்கைப் பாத்தேன், வெர்னன். அவன் மோவாயைப் பாக்கல. பைபிள் மேல கை வெச்சுச் சொல்லட்டுமா?

— வேண்டாம். எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— நீங்க ஒண்ணும் பண்ணலன்னு. பாத்தேன். போன வருஷம் ஒரு புதன்கிழமை அந்த ஹெம்லாக் மரத்தடியில வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். நீ வாங்கிட்டு வரச்சொன்ன பெயின்ட் டப்பா மடியில.

— ...பாத்துட்டா இத்தனை நாள் சும்மா இருந்த?

— இருந்தேன்.

— அப்ப இந்தக் கூத்து எதுக்கு? சுடு, திரும்பச் சுடு, எந்த விரலு... போலீஸ்காரன் கெட்டான்.

— நீயாச் சொல்லுவியான்னு பாத்தேன்.

— சொல்ல என்ன இருக்கு? ஒண்ணும் பண்ணலன்னு நீயே பாத்துட்டியே.

— நான் பாத்ததைக் கேளு. அவன் போய் உன் இலக்குத் தாளை எடுத்துட்டு வந்து வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சான். நடுவுல ஒரே ஓட்டை. வானம் தெரிஞ்சுது அது வழியா. நீ சிரிச்ச. அடுத்த ஞாயித்துக்கிழமை போட்டியில என் பக்கத்துல வந்து நின்னு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு விட்டுட்டு, 'ஐயோ, எனக்கு வராது'ன்னு உதட்டைப் பிதுக்கின.

— அப்பவே தெரிஞ்சுதா உனக்கு?

— அவன் முன்னாடி நிஜமாச் சுட்ட. என் முன்னாடி பொய்யாச் சுட்ட. அதான் எரியுது. அவன் உன் கையைப் பிடிச்சிருந்தாக்கூட ஒரு சண்டை போட்டு முடிச்சிருப்பேன். இதை எப்படிச் சண்டை போடுறது?

— நான் உன்னை ஜெயிச்ச வருஷம் நீ என்ன பண்ணினன்னு மறந்துட்டியா?

— என்ன பண்ணேன்?

— கராஜ்ல போய்ப் படுத்த. ஈஸ்டர் வரைக்கும். என் தங்கச்சி குடும்பத்தோட வந்தப்ப, 'அவருக்குச் சளி, மத்தவங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு அங்க இருக்கார்'னு வாய் கூசாமப் பொய் சொன்னேன்.

— சளி இருந்துச்சு.

— வெர்னன்.

— ...கொஞ்சம் இருந்துச்சு.

— எனக்குக் கேடயம் வேண்டாம்யா. வாங்கினாலும் தூசி தட்டப்போறது நான்தான். புருஷன் வீட்டுக்குள்ள படுத்தாப் போதும்னு இருந்துச்சு. அதான் தவறவிட்டேன். தவறவிட்டுத் தவறவிட்டு, துப்பாக்கியைப் பாத்தாலே வெறுப்பாயிடுச்சு. நான் வேணும்னே தவறவிடுறதை அப்பத்தான் லாயிட் கண்டுபிடிச்சான். 'நல்லாச் சுடறதுக்கும் உனக்கு ஒரு நாள் வேணும். புதன்கிழமை வா, இங்க யாரும் ஜெயிக்கவும் மாட்டாங்க, தோக்கவும் மாட்டாங்க'ன்னான்.

— அவன் முதல்லயே கண்டுபிடிச்சிட்டானா...

— உனக்கு ரொம்ப முன்னாடி.

— அதுலயும் அவன்தான் முந்தி. சரி. கேட்டுட்டேன், சொல்லிட்ட. நாளைக்கு இதை வெச்சு நீ சுடு. என் பக்கத்துல நின்னு, நிஜமா. தோத்தாத் தோத்துட்டுப் போறேன்.

— கராஜ்?

— குளிர் ஆரம்பிச்சாச்சு. போகமாட்டேன்.

— நெஜமாவா?

— நெஜமா. எனக்கு என்ன குறை? பொண்டாட்டி விட்டுக்குடுத்தது கணக்குல வேண்டாம், விடு. இந்த மாவட்டத்துலயே லாயிடை மிஞ்ச ஆள் கிடையாது. அவனை மூணு வருஷம் வரிசையா ஜெயிச்சிருக்கேன், முகத்துக்கு நேரா. கிளப் சுவத்துல என் பேருக்குக் கீழதான் அவன் பேரு, பித்தளைத் தகட்டுல. அதை எனக்கு யாரும் தானமாத் தரல.

— ...

— அவன் உனக்குப் பிடி இழைச்சானா, இழைச்சுட்டுப் போகட்டும். தோத்தவன் வேற என்ன பண்ணுவான், பாவம்.

— ...சாண்ட்விச் சாப்பிடு, வெர்னன்.

— முகம் ஏன் அப்படிப் போகுது?

— ஒண்ணுமில்ல. காத்து ஜில்லுனு அடிக்குது.

— டோரீன்.

— கேக்காத. நல்லபடியா முடிஞ்ச பேச்சு. எந்திரி, வீட்டுக்குப் போலாம்.

— அந்த மூணு வருஷம்...

— ...

— சும்மா சொல்லாத. அவன் ஏன் எனக்கு விட்டுக்குடுக்கணும்? அரைப் புள்ளிக்குக்கூட அடிச்சுக்கிறவன். பெர்னீஸ் அழுது கேட்டாக்கூட வேணும்னே ஒரு தோட்டாவை வெளிய விடமாட்டான். யாரு கேட்டாலும் விடமாட்டான் அவன்.

— நான் கேட்டேன். நான் கேட்டு அவன் எதையும் மாட்டேன்னு சொன்னதே இல்ல, வெர்னன்.