கெடுவதற்கு முன்பே

எங்கள் வீட்டில் புளுகும் இலாகா என்னுடையது, திருத்தும் இலாகா என் மனைவியுடையது. கல்யாணமான நாளிலிருந்து இரண்டுக்கும் விடுமுறையே கிடையாது, சார்.

நான் ஐஸ் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க கிடங்குல இருபதாயிரம் ஐஸ் கட்டி அடுக்கியிருக்கும். ஒரு தடவை தும்மினேன் பாருங்க, தும்மலே உறைஞ்சு தரையில விழுந்து உடைஞ்சுது" என்று ஆரம்பிப்பேன். சமையலறையிலிருந்து குரல் வரும்: "ரெண்டாயிரம். தும்மினது வாட்ச்மேன்."

ஓய்வுக்குப் பிறகு இறந்த உடம்பை உறைய வைத்துக் காக்கும் ஒரு நிறுவனத்தில் இருவர் பெயரையும் பதிந்தேன். மருத்துவம் வளர்ந்த பிறகு எழுப்புவார்களாம். சும்மா உறைய வைத்தால், தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஃப்ரீசரில் வெடிக்கிற மாதிரி உயிரணுக்கள் வெடித்துவிடும். அதனால் ரத்தத்தை எடுத்துவிட்டு வேறொரு திரவத்தை ஏற்றுவார்கள். உடம்பு கண்ணாடி போல இறுகும். பிறகு திரவ நைட்ரஜன் தொட்டியில் தலைகீழாக நிறுத்துவார்கள். தொட்டி கசிந்தாலும் கால்தான் முதலில் இளகும், மூளை பிழைக்கும்.

"உயிரோட இருக்கும்போதே உங்களோட தலைகீழா நின்னாச்சு, செத்தும் நிக்கணுமா?" என்றாள். ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். "நீங்க தனியா எழுந்து உக்காந்தா அங்க உங்களை யாரு திருத்துறது?"

போன மழைக்காலத்தில் திருத்துவதை நிறுத்தினாள். இருபதாயிரம் என்றேன். தாளிக்கிற சத்தம் மட்டும் வந்தது. முப்பதாயிரம் என்றேன். "ஆமாங்க" என்றாள். அவளுடைய அம்மா நினைவெல்லாம் போய், பெற்ற மகளையே யாரென்று கேட்டுவிட்டுச் செத்தவர்.

அதே மறதி இவளுக்கும் வந்துவிட்டது என்று மகளிடம் சொன்னேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்கப்பா. உங்க புளுகைத் திருத்தித் திருத்தி வாய் வலிச்சுப்போச்சு, அவ்வளவுதான்" என்று சிரித்தாள். டாக்டரும் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

குளிரை வைத்தே பிழைத்தவன் சொல்கிறேன், சார், குளிர் எதையும் சரிசெய்யாது. உள்ளே போனபோது எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்கும். அழுகின மீனை வைத்தால் அழுகின மீன்தான் வெளியே வரும். எல்லாம் மறந்த பிறகு அவளை உறைய வைத்தால், என்றோ எழுந்து "நீங்க யாரு?" என்பாள். நிறுவனமோ, டாக்டர் இறப்பை உறுதிசெய்த பிறகுதான் தொடுவோம் என்கிறது. இதயம் நின்ற சில நிமிஷத்திலேயே மூளை கெட ஆரம்பித்துவிடும். அவர்கள் ஊர் தாண்டி வந்து சேர வேண்டும். அதனால் முதல் கட்ட வேலையை நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பாலில் தூக்க மாத்திரை கலந்தேன். பழைய தொழிற்சாலையில் எனக்கு இன்னும் மரியாதை உண்டு; நொறுக்கின ஐஸை வண்டியில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவளைக் குளியல் தொட்டியில் படுக்க வைத்துக் கழுத்துவரை நிரப்பினேன். தலைக்கு உறுத்தக் கூடாதென்று துண்டை மடித்து வைத்தேன். எல்லாம் அடங்கிய பிறகு நிறுவனத்துக்குப் போன் செய்தேன்.

அவர்கள் வந்தார்கள். குழுத் தலைவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டார். பிரேதப் பரிசோதனையில் மண்டையைத் திறப்பார்களாம். அதை மட்டும் தயவுசெய்து வேண்டாம், சார். அத்தனை சிரமமும் அதற்காகத்தான்.

நடுவில் விழித்தாளா என்று கேட்டீர்கள். விழித்தாள். "குளிருதுங்க" என்றாள். பேச்சுக் கொடுத்தால் பயப்பட மாட்டாளே என்று பழைய கதையை எடுத்தேன், கிடங்கில் இருபதாயிரம் கட்டி என்று. உதடு நடுங்கிக்கொண்டே, "ரெண்டாயிரம்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தும்மினது... வாட்ச்மேன்" என்றாள்.

அப்போதே வெளியே தூக்கியிருக்கலாமே என்கிறீர்கள். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா, சார்? ஒன்றைக்கூட மறக்கவில்லை அவள். சரியான சமயத்தில்தான் ஆரம்பித்திருக்கிறேன் என்று, தோளைப் பிடித்து மெல்ல உள்ளே அமிழ்த்தி, மிச்ச ஐஸையும் கொட்டினேன்.