பஸ் நிற்காத மத்தியானம்

— பஸ்ஸ எங்க விட்டுட்டு நடந்து வாரீங்க, டிரைவரு? எலை போட்டு வெச்சு எத்தன நேரமாச்சுங்க.

— பஸ்ஸு தாண்டிப் போயிருச்சு, சௌந்திரம்மா. நீங்க பாக்கலயா?

— நீலக் கலரு ஒண்ணு நிக்காமப் போச்சு. நம்ம வண்டியாட்டமே இருக்குதேன்னு பாத்தேன். நீங்க ஓட்டறது நிக்காமப் போவுமான்னு உள்ள வந்துட்டேன்.

— நான் ஓட்டல. இன்னையில இருந்து கொடைக்கானல் ட்ரிப்பு மயில்சாமிக்கு. ‘உபகாரசாமி, உனக்கு வயசாயிருச்சு, சேலத்துலயே கல்யாண வண்டி ஓட்டு’ன்னுட்டாரு மொதலாளி. சொல்லிட்டுப் போலாம்னு லைன் பஸ் புடிச்சு வந்தேன்.

— அட போங்க. வெளையாடற நேரமா இது? கொய்யாக் கூடைய எறக்கி வெச்சுட்டுக் குப்பாயி ரோட்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறா.

— பாத்துட்டுத்தாம்மா வந்தேன். பச்சமுத்து எளநி சீவப் போனான், வேண்டாம்னேன். விசயத்த மட்டும் அவன் மொகத்தப் பாத்துச் சொல்ல முடியல.

— இந்த ஒரு பஸ்ஸ நம்பி எத்தன ஊட்டுல அடுப்பு எரியுதுங்க. பச்சமுத்து ஓட்டு ஊடு கட்டுனது ஊரு பாக்கப் போறவங்க குடிச்ச எளநியில. சென்னம்மா புள்ள பெரிய பள்ளிக்கொடம் போறது பஸ்ஸுக்காரங்களுக்குப் பூ வித்து. உங்க வண்டி மொதமொதல்ல சூடேறி நின்னப்ப இந்த மேட்டுல என்ன இருந்துச்சு, சொல்லுங்க.

— ஒண்ணுமில்ல. நீங்க ஒரு கொடம் தண்ணியோட ஓடியாந்தீங்க. அதையெல்லாம் மொதலாளிகிட்ட சொல்லிப் பாத்தேம்மா. இனிமே நாமக்கல்லு புது ஓட்டல்லதான் சாப்பாடுன்னு முடிவா சொல்லிட்டாரு.

— ஏனுங்க, என்ற சாப்பாட்டுல ருசி கொறஞ்சு போச்சா?

— உங்க கைப்பக்குவத்த எவன் கொற சொல்லுவான்? கறிதாம்மா பிரச்சன. ‘கறிக்கொழம்புக்குப் பேரு போன கடைன்னு கூட்டிட்டுப் போயி, பருப்பும் கத்திரிக்காயும் போடறாங்க’ன்னு வருசா வருசம் மாசி, பங்குனியில ட்ரிப்பு வாரவங்க சண்ட புடிக்கறாங்க. மாரியாத்தா நோம்பிக்கு நீங்க கறி விடறத நான் என்னன்னு கொற சொல்ல?

— நோம்பி எட்டு நாளுங்க. அதுக்கெதுக்கு ஒண்ணர மாசம் கறிய விடறேன்?

— அப்பறம் எதுக்கும்மா?

— உங்களுக்குத்தானுங்க.

— எனக்கா?

— உங்க தபசு காலமாமா. ஏசுவுக்காக நாப்பது நாளு வேதக்காரங்க கறி தொட மாட்டாங்கன்னு நம்ம சகாயம்மா டீச்சரு சொன்னாங்க. பஸ்ஸுல வாரவங்க முன்னால கும்பலா ஒக்காந்து திங்கறாங்க. நீங்க ஒருத்தருதான் உள்ள அடுப்பண்ட ஒக்காந்து திங்கறீங்க. பக்கத்துல கறி கொதிச்சா உங்களுக்குச் சோறு எறங்குமா? ஊட்டுக்காரரு போனப்பறம் எங்கூடப் பேசிக்கிட்டுத் திங்கறதுக்கு வேற ஆளு யாருங்க இருக்கறாங்க? அந்த ஒரு நேரத்துக்குத்தான் வாரம் பூராக் காத்துக் கெடக்கறேன்.

— எம் பொஞ்சாதி தெரசம்மா செத்ததுல இருந்து நான் மாதா கோயில் வாசல்ல கால் வெக்கல. எனக்குத் தபசும் இல்ல, ஒண்ணும் இல்ல. சேலத்துல ஒத்த ரூமுல தெனமும் பொட்டலத்துல கறி வாங்கித்தான் திங்கறேன். நீங்கதான் வெரதம் இருக்கறீங்க, உங்க முன்னால கறிப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு, இத்தன வருசமா நான் வாயத் தொறக்கல.