இன்னாசியின் பத்துத் திருப்பங்கள்

நெய்தல் நிலத்தின் நெஞ்சுரம் மிக்க பெருமக்களே, தாய்மார்களே,

நம் கடல்... நம் காற்று... நம் மணல். ஆனால் அந்த மணலில், பட்டம் இழுக்கக் கடல்மேல் பலகையில் சறுக்கும் பட்டச்சறுக்கைக் கற்றுத்தரும் பள்ளியில் ஆசிரியர் யார்? அயலூரார். அவர்களின் பட்டங்களுக்குக் காற்றடைத்துத் தோளில் சுமப்பவர் யார்? நாம். ஐந்தாண்டுகளாக இதே நிலை. சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது, கேட்டுக் கேட்டு உங்கள் செவி சலித்தது. ஆகவே, கீழைவலசைக் கரையில் சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொஞ்சம் செவி கொடுங்கள்.

அவ்வூரில் இன்னாசி என்று ஒருவர். இருபது ஆண்டுகள் வலைப்படகு ஓட்டியவர். அவருக்கும் அந்தப் பள்ளியில் பட்டம் சுமக்கும் வேலைதான். ஆனால் ஓய்வு நேரத்தில் தாமே சறுக்கக் கற்றுக்கொண்டார். எதில்? இறக்கைப் பலகையில். பார்த்திருப்பீர்கள்... பலகையின் அடியில் இடுப்பளவு ஒரு கம்பம், கம்பத்தின் முனையில் ஒரு சிறு இறக்கை. வானத்துப் பட்டம் ஆளை இழுக்கும், நீருக்குள் இறக்கை பறக்கும், பலகையோ தண்ணீரைத் தொடாமல் ஒரு முழ உயரத்தில் வழுக்கிச் செல்லும்.

நேராக ஓடுவதில் இன்னாசியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஆசிரியராவதற்கு நேர் ஓட்டம் போதுமா? போதாது. பலகை நீரில் படாமல் பத்து முறை திரும்ப வேண்டும். இரு முறை தேர்வுக்குப் போனார். இரு முறையும் விழுந்தார். மூன்றாவதுதான் அந்தப் பருவத்தின் கடைசித் தேர்வு. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓயப்போகிறது. தவறினால் இன்னும் ஓராண்டு பட்டம் சுமக்க வேண்டும்.

தேர்வு நாள் காலையில் பயிற்சி. கோவையிலிருந்து வந்த தேர்வாளர் நிவேதன் கரையில் நின்று பார்க்கிறார். இன்னாசி திரும்புகிறார்... தொப்பென்று விழுகிறார். மறுபடி திரும்புகிறார்... மறுபடி விழுகிறார். படகில் இருந்த நண்பர்கள் விடுவார்களா?

"என்ன மாப்ள, ஒவ்வொரு மீனாத் தேடிப்போயி நலம் விசாரிக்கியா?"

நிவேதன் பொறுமையாகச் சொன்னார். "எடைய முன்னங்கால்ல வைங்கண்ணா. பின்னங்காலுக்குப் போனா இறக்கை தண்ணிக்கு வெளிய வந்துருதுங்க."

"முன்னங்கால்லதான் தம்பி வச்சு வாரேன். திரும்புறப்ப அதுவா பின்னால ஓடிருது."

ஏன் ஓடுகிறது? நிவேதனுக்குத் தெரியவில்லை. இன்னாசிக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் சோற்று வாளியோடு வந்துசேர்ந்தார். இன்னாசியின் மனைவி, பிராசி. இரண்டு திருப்பங்களைப் பார்த்தார். கணவர் நனைந்து கரையேறியதும் கேட்டார்.

"எந்த வலைய இழுத்துக்கிட்டுப் போறீக?"

"என்ன புள்ள கேக்குற?"

"திரும்புறப்பல்லாம் தலையப் பின்னால திருப்புறீகளே. வலை வீட்டுல காயுது. நாந்தான் உலத்திட்டு வந்தேன்."

பெருமக்களே, நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு விளங்கிவிட்டது. படகைத் திருப்பும்போது வலைக்காரர் எங்கே பார்ப்பார்? பின்னால். கடலில் கிடக்கும் வலை எந்திரத்தில் சிக்கிவிடக் கூடாதே. இருபது ஆண்டுப் பழக்கம் அல்லவா... தலை திரும்புகிறது, தலையோடு தோள், தோளோடு உடலின் எடை. முன்னங்காலில் எடையே இல்லாமல் போகிறது.

பிராசி சொன்னார். "கடலுக்குப் போகத் திரும்புறப்ப அந்தா எதுக்கத் தெரியுற தீவப் பாருங்க. கரைக்கு வரத் திரும்புறப்ப என்னயப் பாருங்க."

"ஒன்னயப் பாத்தா விழாம இருப்பேனா?"

"பதினோரு வருசமா வீட்டுல பாக்குறீக. எத்தன தடவ விழுந்தீக? போங்க, காத்து இருக்கையிலயே போங்க."

பிற்பகலில் தேர்வு. முதலில் பட்டத்தை மறுபக்கம் அனுப்பினார். பிறகு, போகும் திசையைப் பார்த்தார். பலகை தானே வளைந்தது... வெண்ணெயில் விரல் ஓடுவதுபோல. நிவேதன் எண்ணினார். ஒன்று... நான்கு... எட்டு. ஒன்பதாவதில் ஒரு முரட்டுக் காற்று. பழைய பழக்கம் தோளைப் பிடித்து இழுக்கிறது. கரையில் பிராசி கத்துகிறார்: "பின்னால வலை இல்ல."

இன்னாசியின் தலை பாதியில் நின்றது. தோள் நேரானது. ஒன்பது முடிந்தது. பத்தும் முடிந்தது. அத்தோடு நிற்கவில்லை, மகிழ்ச்சியில் இன்னும் மூன்று திரும்பிவிட்டுத்தான் கரைக்கு வந்தார்.

பின்னொரு நாள் அவரிடம் கேட்டேன். "அவ்வளவு காற்றில் அம்மையாரின் குரல் கேட்டதா?"

"எங்கண்ணே கேக்க... வாயசைப்புத் தெரிஞ்சிச்சு. அவ முகத்தத்தான பாத்துக்கிட்டு வந்தேன்."

இன்று அந்தக் கரையில் இன்னாசி ஆசிரியர்.

பின்னால் பார்ப்பது குற்றமா? இல்லை. வலை கிடக்கும்போது அது அறிவு. வலையே இல்லாதபோது அதுதான் நம்மைக் கவிழ்க்கிறது. ஆசிரியர் பயிற்சி கேட்டு ஐந்தாண்டுகளுக்கு முன் நாம் கொடுத்த மனுவை மறுத்தார்கள், மெய்தான். அன்று பட்ட அவமானத்தை நான் மறக்கவில்லை. ஆனால் இந்த ஆண்டு பள்ளியின் விதி மாறிவிட்டது. நம் கரையில் பயிற்சிக்குப் பதினான்கு இடங்கள் திறந்திருக்கின்றன. நம்முள் பெயர் கொடுத்தவர் எத்தனை பேர்? மூவர். ஏனையோர் என்ன செய்கிறோம்? தேநீர்க் கடையில் அமர்ந்து அந்தப் பழைய மனுவையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வழி திறந்திருக்கிறது... நம் கண்தான் அங்கே இல்லை.

பதிவு இன்று மாலையோடு முடிகிறது. நீந்தத் தெரிந்த ஆண்களே, எழுங்கள். கடற்பாசி எடுக்க மூழ்கும் பெண்களே, நீங்களும் எழுங்கள். பதினொரு இடங்கள் இருக்கின்றன. கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்போதே மேடைக்கு வந்து பெயரைச் சொல்லுங்கள். நானே எழுதுகிறேன்.