சென்னை பக்கம், இரத்மலானை தூரம்

ஓடாமல் நிற்கும்போதும் ஓடுவதுபோலவே குலுங்கிக்கொண்டிருக்கும் மூன்று பஸ் வண்டிகளின் தனிப்பெரும் அதிபதியும், இன்று இந்த நாற்காலியை நிறைத்து, அதன் இரண்டு கைகளையும் மறைத்து வீற்றிருப்பவருமாகிய தலைவர் வள்ளியப்பன் அவர்களே! நான் வாய் திறக்கும் முன்பே கொட்டாவி விட்டு என்னை வரவேற்ற முன்வரிசைப் பெரியோர்களே! வலப்பக்கம் மல்லிகைக் காடாக மணந்துகொண்டிருக்கும் தாய்மார்களே! கொட்டாஞ்சேனையிலிருந்து டிராம் ஏறி, டிராம் மாறி, மிச்சத் தூரத்தை நடந்தே கடந்துவந்த செபஸ்தியன் முதலான அன்பர்களே! இடமின்றி ஜன்னலில் கனிந்து தொங்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த நாகேந்திரத்தின், வெள்ளவத்தைக் கடல் வெட்கி உள்வாங்கும் அளவுக்குப் பொங்கி வரும் வணக்கம்!

நாம் இங்கே கூடியது எதற்காக? ராச்சியம் கேட்கவா? அதைக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். நாம் கேட்பது பஸ்! இரத்மலானை விமானத் தளத்துக்கு விடியலில் ஒரு பஸ், அந்தியில் ஒரு பஸ். போக ஒன்று, வர ஒன்று. இது பேராசையா?

மானிடன் பறக்கிறான், ஐயாமாரே! பருந்து பார்த்துப் பொறாமைப்படப் பறக்கிறான்! இரத்மலானையில் ஏறி, மடியில் வைத்த முறுக்கைக் கடித்து முடிக்குமுன் சென்னையில் இறங்குகிறான். சென்னை பக்கம். ஆனால் இரத்மலானை? அம்மம்மா! வெள்ளவத்தையிலிருந்து பார்த்தால் இரத்மலானை தூரம், தூரம், நெடுந்தூரம்!

என் மைத்துனர் போன மாதம் சென்னையிலிருந்து பறந்து வந்தார். வந்து இறங்கியது பொழுது சாயும் வேளை. கடைசிப் பஸ் அதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டது. கூலிக்குக் கார் பிடிக்கலாமென்றால், யுத்தம் முடிந்தது, பெற்றோல் கூப்பன் முடியவில்லை. டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். கல்கிசையில் நாய்கள் துரத்தின. தெகிவளையில் மிருகக் காட்சிச்சாலைச் சிங்கம் ஒரு கர்ஜனை செய்தது. துரத்திய நாய்கள் இவரை முந்திக்கொண்டு ஓடின! சென்னையில் முகம் மழித்துக்கொண்டு ஏறிய மனிதர் எங்கள் கதவைத் தட்டியபோது தாடி நெஞ்சைத் தொட்டது. என் மனைவி, அவருக்குக் கூடப்பிறந்தவளே, "ஆரோ சாமியார் வந்து நிக்கிறார்" என்று ஒரு சுண்டு அரிசி கொண்டுவந்து போட்டாள்!

என்ன தம்பி, ஜன்னலிலிருந்து? ரயிலில் வரலாமா? வரலாம், தாராளமாக வரலாம். ஆனால் அந்தி ரயிலுக்கும் அந்தி விமானத்துக்கும் ஏழு பிறவிப் பகை. ஒன்றின் முகத்தில் மற்றொன்று விழிப்பதே இல்லை.

சரி, மைத்துனர் கதை சிரிப்புக் கதை. சிரித்துவிட்டீர்கள். இனிக் கொஞ்சம் செவி கொடுங்கள்.

தாய்மார்களுக்கு நடுவில், தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெண் இருக்கிறாள். எங்கள் ஒழுங்கையின், அந்த ஒற்றைச் சந்தின், சரோஜினிதேவி. நிமிர்ந்து உட்கார் பிள்ளை! சென்னையில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் இதுவரை டாக்டர் வந்ததுண்டு, டாக்டர் பிறந்ததில்லை! நாளை மாலைக்குள் அவள் அங்கே போய்ப் பேர் பதியவேண்டும். பதியாவிட்டால் அந்த இடம் இன்னொருவருக்கு. ரயிலேறிக் கப்பலேறி மறுபடி ரயிலேறிப் போக இனிக் காலம் இல்லை. இருப்பது நாளைக் காலை விமானம் ஒன்றுதான்.

முந்தநாளே போயிருக்க வேண்டியவள் ஏன் இன்னும் இங்கே இருக்கிறாள்? அதைத்தான் சொல்ல எழுந்தேன்.

முந்தநாள் காலை, தலைவர் அவர்களின் முதல் பஸ்ஸில் அவளை ஏற்றிக்கொண்டு நானும் ஏறினேன். பஸ் நிறைந்துவிட்டது. டிரைவர் ஆசனத்தில். எஞ்சின் உறுமுகிறது. ஆனால் பஸ் அசையவில்லை. ஏன்?

நம்மூர்க் கடைகளில் முதல் வியாபாரம் யார் கையால் நடக்கவேண்டும் என்று பார்ப்போமல்லவா? கைராசி பார்ப்போமல்லவா? தலைவர் அவர்கள் அதைப் பஸ்ஸுக்கும் பார்க்கிறார்! அந்த நாளின் முதல் டிக்கெட்டைச் சிட்டாள் ஆச்சி வாங்கினால்தான் சில்லு உருளும். ஆச்சி அவருடைய சொந்தக்காரர், ராசியான கை, நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கோயிலில் விசேஷ பூசை. ஆச்சி வரவில்லை.

சரோஜினி காசை நீட்டினாள். கண்டக்டர் ஸாலிஹ் என்ன செய்தான்? நெருப்பை நீட்டியதுபோல இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்!

"தங்கச்சி, கோவிக்க வேணாம். ஆச்சி வராம நான் சல்லி தொட்டா மொதலாளி என்னத் தொலச்சிப் போடுவாரு."

"அண்ணே, பிளேன் போயிடும்!"

"போவாது தங்கச்சி. ஆச்சி இந்தா வந்துடுவாங்க."

பஸ்ஸில் ஒருவராவது வாய் திறந்தாரா? எல்லோரும் கடை வைத்திருப்பவர்கள்! அதோ இருக்கிறாரே மக்கீன் முதலாளி, அவர் என் காதில் சொன்னார்: "அண்ணே, ஆச்சி இல்லாம எடுத்தா தெகிவளப் பாலத்துல டயர் வெடிக்கும், பாத்துக்கோங்க." இல்லையென்று சொல்லும் பார்ப்போம்! சிரிக்கிறார், சபையோரே, சிரிக்கிறார்.

கடைசியில் ஆச்சி வந்தார். பூவும் திருநீறுமாக, அம்பாளே நேரில் வந்ததுபோல வந்தார். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். அந்தக் கணத்தில் தலைக்கு மேலே ஓர் இரைச்சல். பஸ்ஸின் தகரக் கூரை அதிர்ந்தது. சரோஜினி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். அவள் ஏறவேண்டிய விமானம், அவள் தலைக்கு மேலாலே, கடலைத் தாண்டிப் போகிறது. ஆச்சி காசு கொடுத்தார். ஸாலிஹ் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போலாம், றைட்!" என்றான்.

எங்கே போகலாம்? யாருக்கு றைட்?

அந்தப் பெண் அழவில்லை, ஐயாமாரே. அழுதிருந்தால் நான் இந்த மேடைக்கு வந்திருக்கமாட்டேன். "பரவாயில்லை மாமா, பெட்டியை நானே தூக்கிறன்" என்றாள்.

விமானக் கம்பெனிக்காரர் இரக்கப்பட்டு நாளைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே, தலைவர் அவர்களே, இந்தச் சபையின் சார்பில் சிரம் தாழ்த்திக் கேட்கிறேன். நாளை, சேவல் கூவுமுன், கோயில் மணி அடிக்குமுன், ஒரு பஸ் கிளம்பவேண்டும். கிளம்புமா?

தலைவர் என்னவோ சொல்கிறார், அமைதி, அமைதி! "அண்ணே, பஸ் விடறதுக்கென்ன? அந்நேரத்துக்கு ஆச்சிய எழுப்பிக் கொண்டாற முடியுங்களா? முதச் சீட்டு யாரு வாங்குறது?"

கேட்டீர்களா? பஸ் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், பெற்றோலும் இருக்கிறது. கைதான் இல்லை! தலைவர் அவர்களே, உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் போவீர்கள்? பட்டம் பெரியவரிடமா? இல்லை! "அவர் கைராசிக்காரர், தொட்டால் சுகம்" என்று ஊர் சொல்பவரிடம் போவீர்கள். நாளைக்கு ஆயிரம் பேருடைய நாடியைப் பிடிக்கப்போகும் கை, பிள்ளைப்பேறு பார்க்கப்போகும் கை, முந்தநாள் உங்கள் பஸ்ஸில் காசை நீட்டியபடி காத்துக்கிடந்தது. அந்தக் கையை விடவா இன்னொரு கை வேண்டும்?

கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள்! தாய்மார் பக்கம் யாரோ எழுந்து நிற்கிறார்கள். அடடா, சிட்டாள் ஆச்சி! வழி விடுங்கள். சொல்லுங்கள் ஆச்சி.

"ஏம்ப்பா வள்ளியப்பா, எனக்குப் போக ஒரு எடமும் இல்ல. தினம் ஒஞ்சீட்ட வாங்கிக்கிட்டு அடுத்த தரிப்புல எறங்கி நடந்து வீட்டுக்கு வாரேன். ராசி ஒன் பஸ்ஸுக்கு, முட்டி வலி எனக்கா? அந்தப் பொண்ணு பிளேன விட்டது எனக்கு இப்பத்தானே தெரியிது! எங்கையில ராசி இருக்கிறது நெசம்னா அந்தக் கையால சொல்றேன், நாளைக்கு மொதச் சீட்ட அவகிட்ட வாங்கு."

சபையோரே! எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. என் மனைவி இதைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்; கல்யாண நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

தலைவர் எழும்புகிறார். "சரிங்க. ஆச்சி சொன்னப்புறம் என்ன? வண்டி கிளம்பும். ஆனா பாப்பா காச வலது கையால குடுக்கோணும்."

வலது கையால் கொடுப்பாள், தலைவரே! சரோஜினி, கேட்டாயா? எங்கே அந்தக் கையைத் தூக்கிச் சபைக்குக் காட்டு! அதுதான்! இப்போது தட்டுங்கள், கூரை பெயரத் தட்டுங்கள்!

இருங்கள். விடியற்காலைப் பஸ் கிடைத்துவிட்டது. அந்திப் பஸ்? அந்திப் பஸ் என்றதும் தலைவர் மின்விசிறியை ஆராய்கிறாரே! பரவாயில்லை, ஆராயட்டும். நான் அவசரப்படுத்தவில்லை.

ஆனால் ஒன்று சொல்வேன். நாளை போகிறவள் ஒருநாள் திரும்பி வருவாள். பட்டம் பெற்று வருவாள், பையில் குழாய் வைத்து வருவாள், நம் எல்லோருடைய நெஞ்சிலும் அதை வைத்துக் கேட்டு, "மாமா, கொஞ்சம் குறைத்துக் கதையுங்கோ" என்று சொல்ல வருவாள். அன்றைக்கும் விமானம் பொழுது சாயத்தான் இறங்கும். அவள் படியிறங்கி நிமிர்ந்து பார்க்கும்போது இரத்மலானை வீதியில் என்ன இருக்கவேண்டும்? இருட்டா? நாயா? நடையா? இல்லை! விளக்கேற்றி, வாசலைத் திறந்து, எஞ்சின் உறும, ஒரு பஸ் நிற்கவேண்டும்! ஊர் ஒரு பெண்ணை அனுப்பிவைத்தால் மட்டும் போதுமா? அழைத்து வரவும் வேண்டாமா? போகிறவருக்கு ஒரு வழி என்றால் அது வெறும் வழி. போனவர் திரும்பி வரவும் வழி இருந்தால்தான், ஐயாமாரே, அது ஊர்!

அவள் படித்து முடிக்க ஐந்தாறு வருடம் ஆகும். தலைவர் அவர்களே, யோசிக்க அத்தனை காலம் உங்களுக்குத் தந்தேன்!

இதுவரை பொறுத்த உங்கள் காதுகளுக்கும், உட்கார்ந்திருந்த உங்கள் இடுப்புகளுக்கும், மனம் இரங்கிய தலைவருக்கும், முழங்காலைக் காட்டி நியாயம் வென்ற ஆச்சிக்கும் என் நன்றி. ஒரு விண்ணப்பத்தோடு அமர்கிறேன். வழியனுப்புகிறேன் என்று நாளை நீங்கள் எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள். பிள்ளைக்கு ஓர் இடம் விடுங்கள். வணக்கம்!