ஈனோஸுக்காக நான் அழுதது

அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காரும்.

என் வாழ்க்கை வரலாறு எழுத வந்திருக்கிறீர். ‘ஏழைகளின் வக்கீல்’ என்று தலைப்புகூடப் போட்டாயிற்றாம். உமது பத்திரிகை முதலாளி என் கட்சிக்காரர். எதை அச்சேற்றுவார், எதை அடுப்பில் போடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் உள்ளதையே சொல்கிறேன்.

என்னை வாஷிங்டன் வரை கொண்டுபோனது ஈனோஸ் டாக்கெட் வழக்குதான். மாவு மில்காரரைக் கோடரியால் வெட்டிக் கொன்றதாக அவனைப் பிடித்திருந்தார்கள். அவன் வெட்டவில்லை. வாபாஷ் ஆற்று ஓடக்காரன் ஜேபெஸ் என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

“வக்கீலய்யா, அன்னிக்குப் பூரா ஈனோஸ் என் வீட்லதான் கெடந்தான். ஆத்துல வெள்ளம், திரும்ப முடியல. வேதப்புத்தகத்து மேல கைய வெச்சுச் சொல்றேன்.”

அப்போதெல்லாம் குற்றம் சாட்டப்பட்டவன் தன் வழக்கில் தானே சாட்சி சொல்ல முடியாது. சட்டம் அப்படி. ஈனோஸுக்கு வாய் நான்தான், உயிர் ஜேபெஸின் கையில்.

ஆனால் ஊரைப் பாரும். மில்காரரிடம் கோதுமை அரைக்காத வீடே கிடையாது. யாரையாவது தூக்கில் போடாமல் அந்த ஜனங்கள் அடங்கியிருக்க மாட்டார்கள். ஈனோஸை விடுவித்த வக்கீலுக்கு ஒரு நாய்கூட ஓட்டுப் போடாது. உருகி உருகிப் போராடித் தோற்றவனுக்கோ எல்லாப் பக்கமும் ஓட்டு விழும். நான் அந்த வருடம் சட்டசபைக்கு நிற்பதாக இருந்தேன்.

வழக்கைப் பக்கத்து ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஜேபெஸிடம் சொன்னேன். மடையன், நடந்தே போய் அந்த ஊர்க் கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்தான். இங்கே நான் ஜூரி முன்னால் கர்த்தரின் கருணையைச் சொல்லி அழுதேன். நல்ல அழுகை. ஜூரிகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், பிறகு தூக்கு என்றார்கள்.

ஜேபெஸ் திரும்பி வந்து, இப்போதாவது சாட்சி சொல்கிறேன் என்று கத்தினான்.

“ஜூரி சொன்னப்புறம் சாட்சி செல்லாதுப்பா. இப்ப வாயத் தொறந்தா நீயும் கூட்டாளின்னு பக்கத்துலயே தொங்க விட்ருவாங்க,” என்றேன்.

கவர்னருக்கு ஒரு மனுப் போட்டிருந்தால் போதும். அவனுக்கு அது தெரியாது. குடும்பத்தோடு மேற்கே தொலைதூர அயோவாவுக்கு வண்டி கட்டிவிட்டான்.

தூக்குமேடையைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். கூடை கூடையாக இஞ்சி ரொட்டி விற்றார்கள். படியேறும்போது ஈனோஸ் கேட்டான்:

“ஜேபெஸ் ஏங்கய்யா வரல?”

“மில்காரர் வீட்டு ஆளுங்க அவன வெலைக்கு வாங்கிட்டாங்கப்பா.”

“அவனையா? என் புள்ளைக்கு அவன் பேரத்தானே வெச்சிருக்கேன்.”

அவன் காலடிப் பலகையைத் தட்டிவிட்டார்கள். கூட்டம் கலைவதற்குள் நான் ஒரு வண்டிமேல் ஏறிப் பேசினேன். தேர்தலில் ஜெயித்தேன். அதற்குப்பின் தோற்றதே இல்லை.

ஏன், பேனா நின்றுவிட்டது? பாவம் பார்க்கிறீராக்கும். ஊர் கேட்ட பிணத்தை ஊருக்குக் கொடுத்தேன். மக்கள் பிரதிநிதி வேறென்ன செய்வான்.

அடக்கம் முடிந்ததும் ஈனோஸின் மனைவி கெசையா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்களுக்காக அழுத ஒரே ஆளு நீங்கதான்யா,” என்றாள். பிள்ளையின் பெயரை மாற்றி என் பெயரை வைத்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில்தான் சமைக்கிறாள், சம்பளம் கொடுத்தால் வாங்க மாட்டாள்.

போகும்போது சமையலறைப் பக்கம் எதையாவது உளறி வைக்காதீர். பாவம், அவர்களுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.