எத்திராஜ் வைத்த தகரம்

கடல் பொங்கி மெரினாவில் ஏறிய அதே மார்கழியில்தான், இந்த அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் நம் பிரஸ் ஷாப்பைப் பூட்டினார்கள். கீல் தகடு இனிமேல் சீனாவிலிருந்து வரும் என்றார்கள். முப்பத்திரண்டு பேர் வெளியே வந்தோம்.

மேடையில் இருக்கும் முதலாளி பாஸ்கரன் அவர்களே, சங்கத்துத் தோழர்களே, எத்திராஜின் பிள்ளைகளே, பின்னால் நிற்கும் புதுத் தொழிலாளிகளே, எத்திராஜின் இரங்கல் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் செட்டர் எத்திராஜ்! அவர் மெஷினில் அச்சைப் பொருத்தினால் மயிரிழை பிசகாது. வேலை போனபின் முகப்பேரில் ஃப்ளாட் வாட்ச்மேன். ஆனால் ஆயுத பூஜைக்கு வராமல் இருந்ததுண்டா? இருபது வருஷம் பஸ் பிடித்து வந்து, பூட்டிக் கிடந்த பிரஸ்ஸுக்கும் அச்சுக்கும் கிரீஸ் போட்டுச் சந்தனம் வைத்தார். "செத்த மெஷினுக்கு இன்னாத்துக்கு அண்ணாத்தே பொட்டு?" என்று நானே கிண்டல் செய்தேன். "தூங்கிகினு கீது மாமே. எழுப்பற அன்னிக்கு துரு இருக்கக் கூடாது" என்றார்.

போன வருஷம் சீனாவிலிருந்து கப்பல் வரவில்லை. வேலை நம் ஷெட்டுக்கே திரும்பியது. புதிதாகப் பதினாலு பேர் சேர்ந்தார்கள். இன்ஜினியர்கள் டிராயிங்கைப் பார்த்து அச்சைப் பொருத்தினார்கள். முதலில் அடித்த நானூறு தகடும் ஓரத்தில் பிசிறு. எத்திராஜ் வாட்ச்மேன் சட்டையோடு வந்தார். எல்லோரையும் டீ குடிக்க அனுப்பினார். திரும்பி வந்தால் தகடு கண்ணாடி மாதிரி விழுகிறது. அச்சு மாற்றும்போதெல்லாம் இப்படியே. என்ன செய்தார்? யாருக்கும் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன். பாஸ்கரன் தம்பி, உங்கள் அப்பா காலத்தில், அச்சைத் தூக்கும் சங்கிலி என் கையிலிருந்து நழுவியது. பிரஸ்ஸின் அடித்தட்டில் இடது மூலை பள்ளமானது. என் வேலை போய்விடுமே என்று அந்த நேரம் ஷாப்பில் இருந்த ஐந்து பேரும் மறைத்தோம். எங்களில் ஒருவரான அங்கம்மா வீட்டு டால்டா டப்பாவை வெட்டி, அச்சுக்கு அடியில் எத்திராஜ் முட்டுக் கொடுத்தார். அது எந்தக் காகிதத்திலும் இல்லை. கடைசிவரை அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"எத்திராஜ் இல்லாம அடுத்த லோடு ஓடாது, சீனாவுக்கே திருப்பிடலாம்" என்று நேற்று ஆபீசில் பேச்சு. இந்தப் பதினாலு பிள்ளைகளும் கேட்டுக்கு வெளியே நிற்பதா? அப்படி நிற்பது நாங்கள் நின்றதோடு போகட்டும். எத்திராஜ் மேல் ஆணை, பிரஸ் ஓடும்.

எத்தனை தகரம், எந்த இடம் என்பது எனக்குத் தெரியாது. நான் சங்கிலி இழுத்தவன். அன்று மறைத்த ஐந்து பேரில் சம்பத் போனார், கலியமூர்த்தி போனார், எத்திராஜும் போனார். தகட்டு ஓரத்தை விரலால் தடவி, "இன்னும் ஒரு தகரம் குடு நைனா" என்று எத்திராஜுக்கே சொன்னவரின் கை ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆவடியில் இருக்கிறார். திங்கட்கிழமை காலை நானே ஆட்டோவில் அழைத்து வருவேன். பெயர் அங்கம்மா.